பட்டிக்குக் கீழே!

கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கு இரண்டு விஷயங்கள் இலவசம். ஒன்று, காற்று. இன்னொன்று, துரு!

காசிமேட்டுப் பக்கம் குடியிருந்தபோது என் பழைய காரைத் தெருவில்தான் நிறுத்துவேன். ஜன்னல் கம்பியைத் தின்ற உப்புக்காற்று காரை மட்டும் விடுமா? ஒருநாள் கழுவும்போது கதவுக்குக் கீழே, ரன்னிங் போர்டில் விரல் வைத்தேன். விரல் உள்ளே போய்விட்டது.

விற்றுவிட முடிவு செய்தேன். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் வாங்கத் தயாராக இருந்தார். வீட்டில் கைக்குழந்தை. ‘நீங்க ஓட்டின வண்டின்னா நம்பி வாங்கலாம் சார்’ என்றார்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய சந்தில் ஒரு டிங்கரிங் பட்டறை. உரிமையாளர் அறுபதைத் தாண்டிய பாய். குனிந்து சுத்தியலால் தட்டினார். பொலபொலவென்று உதிர்ந்தது.

‘ரெண்டு ரேட்டு சார். துருப்புடிச்சதை வெட்டிட்டு, புதுத் தகடு வெச்சு வெல்டு பண்ணி, மேல பட்டி போடறது ஒண்ணு. ஓட்டையைப் பட்டியாலயே மூடி பெயின்ட் அடிக்கறது இன்னொண்ணு. அது பாதிக்கும் கம்மி.’

‘பார்வைக்கு?’

‘ரெண்டும் ஒண்ணுதான்.’

எனக்குள் இருந்த பி.காம். பட்டதாரி விழித்துக்கொண்டான். ‘அப்புறம் எதுக்கு பாய் வெல்டு?’

பாய் பொறுமையாக விளக்கினார். பட்டி மேடு பள்ளத்தை நிரவத்தான். பாரம் தாங்க அல்ல. அது ஈரத்தையும் குடிக்கும். வெல்டில் ஊசிமுனை ஓட்டை இருந்தால்கூட பின்பக்கமாகத் தண்ணீர் ஏறி, அடியில் துருப்பிடித்து, பெயின்ட் கொப்பளிக்கும். அதனால் வெல்டைத் தேய்த்து, ஆறவிட்டு, முதலில் ஃபைபர் கலந்த பட்டி. அது அவ்வளவாகத் தண்ணீர் குடிக்காது. அதற்கு மேல் சாதாரண பட்டி, இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள்.

‘சேஸிஸ் தனியா இல்லாத வண்டி சார். இந்தத் தகடுதான் எலும்பு. சைடுல எவனாவது இடிச்சா இதுதான் தாங்கணும்’ என்றவர், சாதாரணமாகக் கேட்டார். ‘யாருக்குக் குடுக்கறீங்க?’

பதில் சொல்லாமல் டீ குடிக்கப் போனேன்.

பட்டி என்பதே பொய்தானா? அப்படியும் சொல்ல முடியாது. நல்ல வெல்டுக்கும் மேலே பட்டி வேண்டியிருக்கிறது. துக்க வீட்டில் ‘எல்லாம் சரியாயிடும்’ என்கிறோமே, அதுவும் பட்டிதான். நன்மை செய்யும் பொய்க்கு வள்ளுவரே ‘வாய்மை’ அதிகாரத்தில் இடம் கொடுத்திருக்கிறார். கேள்வி, அடியில் தகடு இருக்கிறதா என்பதுதான். துக்க வீட்டில் அப்படிச் சொல்லிவிட்டு, மறுநாள் உதவிக்குப் போய் நின்றால் அது ஆறுதல். போகாவிட்டால் வெறும் பூச்சு.

ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். மூன்று பத்திரிகைகள் திருப்பியனுப்பிய கட்டுரை அது. 2001-ல் இன்னும் இருவரோடு அவர் நோபல் பரிசு பெற அதுதான் காரணம். விஷயம் எளிது. வண்டியின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. பயத்தில் எல்லா வண்டிக்குமே விலையைக் குறைத்துக் கேட்பான். கட்டுப்படியாகாமல் நல்ல வண்டிக்காரர் ஒதுங்கிவிடுவார். சந்தையில் மிஞ்சுவது ஓட்டை வண்டிகள்! ஆக, நான் மூடி மறைக்கும் ஓட்டை, முகம் தெரியாத ஒரு யோக்கியனின் பிழைப்பையும் கெடுக்கிறது.

விவரமானவர்கள் காந்தம் வைத்துப் பார்ப்பார்கள். பட்டி கனமாக இருந்தால் ஒட்டாது. அந்தத் தம்பி காந்தம் கொண்டுவரப் போவதில்லை. அவர்தான் என்னை நம்பிவிட்டாரே! சோதித்துப் பார்ப்பவனை ஏமாற்றினால் அது சாமர்த்தியம் என்றாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். நம்பியவனை ஏமாற்றிவிட்டு என்ன சொல்வது?

டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்து, ‘வெல்டு பண்ணிடுங்க பாய்’ என்றேன்.

‘அப்ப பட்டி போடறதுக்கு முன்னாடி அவரைக் கூட்டிட்டு வாங்க. கண்ணால பார்த்துக்கட்டும்.’

கூட்டிப்போனேன். கறுத்து, தழும்பு தழும்பாகக் கிடந்த வெல்டைப் பார்த்துத் தம்பி மிரண்டுபோனார். ஐயாயிரம் குறைத்துக் கேட்டார். கொடுத்தேன்.

வெல்டு செலவு, விலையில் ஐயாயிரம்... இரட்டை நஷ்டம். எந்தக் கணக்கில் எழுதுவது? பேலன்ஸ் ஷீட்டில் ‘குட்வில்’ என்று ஒரு சொத்து உண்டு. கண்ணுக்குத் தெரியாத சொத்து.

வெல்டும் அப்படித்தான். பட்டிக்குக் கீழே போய்விட்டால், அது இருப்பது செய்தவனுக்கு மட்டும்தான் தெரியும்.