சார்ந்ததன் வண்ணமும் பள்ளிச் சிறாரும்

கோடைக்கானற் குறிஞ்சியாண்டவர் திருக்கோயிலினின்று வடக்கே நோக்குவார்க்கு, வானந் தெளிந்த நாளிற் பழனித் திருமலை தோன்றும். அக்காட்சி காணச் சென்ற யாம், கோயிற்புறத்தே பள்ளிக்கூடம் விளையாடிய சிறார் நால்வரைக் கண்டு நின்றுவிட்டேம். ஆசிரியையாக நின்ற சிறுமிக்கு ஆறு வயதிற்கு மேலிராது. கையிலொரு குச்சி, நெற்றியிற் சுளிப்பு. ஓரெழுத்தேனும் அவள் கற்பித்திலள். கைகட்டு, வாய்மூடு, உனக்குப் படிப்பே வராது என்பனவே பாடம்.

அவள் தன் பள்ளியில் எழுத்தும் எண்ணுங் கற்றேயிருப்பள். ஆயினும் பள்ளியென்று நினைத்த அளவில் அவளுள்ளத்து முன்வந்தது பாடமன்று. பாடஞ் சொன்னவர் முகமே.

உயிர் சார்ந்ததன் வண்ணமாந் தன்மையது என்பது நம் சித்தாந்தத் துணிபு. படிகத்தை உவமை காட்டி இதனைப் பலகாலும் விரித்துரைக்கும் நாம், ஐந்து வயதுக் குழந்தை பகற்பொழுதெல்லாம் யாரைச் சார்ந்திருக்கின்றது என உசாவுவதில்லை. வளர்ந்தவர் தீயோரைச் சார்ந்து கெடின் அக்குற்றம் அவர்க்குமுரியது. படிகமோ தன்னருகில் வைக்கும் பூவைத் தேர்ந்துகொள்வதில்லை, குழந்தையும் அவ்வாறே. சார்த்தி வைப்பவர் நாம். அந்நெற்றிச் சுளிப்பும் நம்மைச் சார்ந்ததே.

ஒவ்வோருயிரும் பழவினைக்கேற்ற ஆசிரியரையே அடையும், நாம் என்செய்வது என்பாரும் உளர். நோயும் வினைப்பயனே, அதுபற்றி மருத்துவனைத் தேடாதார் யார்?

பவணந்தியார் நன்னூலில் ஆசிரியர்க்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்பவற்றை உவமை கூறினார். மலரென்றது முகமலர்ச்சியையும் உட்கொண்டே. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் மாணவர் உடலையும் மனத்தையும் துன்புறுத்தலாகாதென விலக்கிற்று. நன்றே. ஆயினும் சட்டம் கையிலுள்ள குச்சியைப் பறிக்குமன்றி முகத்தை மலர்விக்குமோ?

இக்கோயிலை 1936-இல் எடுப்பித்தவர் லீலாவதி இராமநாதன் அம்மையார். அவர் கணவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன், 1913-இல் யாழ்ப்பாணத்திற் பெண்களுக்குக் கல்லூரி நிறுவியவர். அந்நாட்டிலேயே அவர்க்கு முன்னர், 1848-இல், நாவலர் பெருமான் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, பாதிரிமார் பள்ளியிற் பெற்றுவந்த ஊதியத்தையும் விட்டனர். அவர்பாற் பயின்ற சிறார் பாலபாடத்திற்கு முன்னரே அத்துறவைப் பயின்றிருப்பர். நம் மடங்கள் தத்தம் பள்ளிகட்கு ஆசிரியரைத் தேருங்கால், பட்டத்தை உசாவுமளவு இதனையும் உசாவுதல் வேண்டும்.

யாம் அச்சிறுமியை அணுகி, "உங்கள் ஆசிரியை சிரிப்பதே இல்லையா, அம்மா?" என்றேம். அவள் சற்றே நினைந்து, "பெரியவங்க யாராச்சும் வந்தா சிரிப்பாங்க" என்றாள். பின்பு, முறை வந்ததென்று குச்சியை அடுத்த சிறுவனிடம் நீட்டினாள். அதனை வாங்குமுன்னரே அவன் நெற்றியைச் சுளித்துக்கொண்டான்.