மாயவரத்து மாயாவி

எங்கள் ஊருக்கு முத்து காமிக்ஸ் மாயவரம் பஸ்ஸில் வந்து இறங்கும். பெட்டிக்கடைக்காரர் கட்டைப் பிரித்து, வாழைத்தாருக்குப் பக்கத்தில் சணல் கயிற்றில் மாட்டுவார். அதனால் அதில் வரும் இரும்புக்கை மாயாவி மாயவரத்துக்காரர் என்றே பத்து வயது வரை நம்பியிருந்தேன். மாயவரத்துக்காரர் மாயாவியாக இருப்பதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? அண்ணன்தான் ஒருநாள், "அவரு இங்கிலீஷ்காரர்டி" என்று போட்டு உடைத்தான். அதையும் நம்பச் சிரமமாக இருந்தது. எங்கள் காரைக்காலில் வெள்ளைக்காரன் என்றால் பிரெஞ்சுக்காரன். எங்கள் தாத்தாவே பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக இருந்தவர். இங்கிலீஷ்காரன் என்பவன் எல்லைக்கு அந்தப் பக்கம், நாகூர் ரோட்டில் ஆண்டுவிட்டுப் போனவன்.

அண்ணன் சொன்னது உண்மைதான். 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி காரைக்கால் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. அதே ஆண்டு அக்டோபர் 6ஆம் தேதி லண்டனில் வேலியன்ட் என்ற சிறுவர் வார இதழ் பிறந்தது. அதன் முதல் இதழிலேயே ஸ்டீல் க்ளா, அதாவது நம் இரும்புக்கை மாயாவி, தொடங்கிவிட்டது. லூயி கிராண்டேல் ஒரு விஞ்ஞானியின் உதவியாளர். விபத்தில் வலது கை போய், அந்த இடத்தில் இரும்புக்கை வைத்துக்கொண்டவர். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார். கை மட்டும் அந்தரத்தில் தெரியும். ஆரம்பத்தில் திருடன், பிறகு உளவுப்படைக்காரர். 1972இல் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழாக வந்தவரும் இவர்தான். 'பாம்புத் தீவு', 'நாச அலைகள்', 'உறைபனி மர்மம்' எல்லாவற்றையும் அண்ணன் தூங்கிய பிறகு அரிக்கேன் வெளிச்சத்தில் படித்தேன். பெண்பிள்ளைக்கு எதற்கு இந்தப் புத்தகம் என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே. இங்கிலாந்தில் பெண்பிள்ளைகளுக்கென்றே பன்ட்டி என்று ஒரு வார இதழ் 1958 முதல் 2001 வரை வந்ததாம். அந்தப் பாதி நம் பக்கம் வரவேயில்லை. எனக்கு இன்னும் அதில் ஒரு மனக்குறை உண்டு.

மறைந்துபோவது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. பரமதத்தன் கடையிலிருந்து இரண்டு மாம்பழம் கொடுத்தனுப்பினான். அவன் மனைவி புனிதவதி, பின்னாளில் எங்கள் காரைக்கால் அம்மையார், அதில் ஒன்றைப் பசியோடு வந்த அடியாருக்குச் சோற்றோடு வைத்துவிட்டாள். மதியம் சாப்பிட உட்கார்ந்தவன் ஒரு பழத்தைத் தின்றுவிட்டு மற்றதையும் கேட்டான். அவள் உள்ளே போய் இறைவனை நினைத்தாள், கையில் ஒரு பழம் வந்தது. ருசி வேறாக இருக்கவே, எங்கிருந்து வந்தது என்றான். அவள் நடந்ததைச் சொன்னாள். அப்படியானால் இன்னொன்று வரவழை என்றான். அதுவும் வந்தது. அவன் கையில் வாங்கினான், பழத்தைக் காணோம். சேக்கிழார் சொல்லும் கதை இது. வருஷா வருஷம் ஆனிப் பௌர்ணமிக்கு எங்கள் வீட்டு வாசலில் நடக்கிற கதையும் இதுதான்.

ஒரு பக்கம் கை இருக்கிறது, பழம் மறைந்துவிட்டது. இன்னொரு பக்கம் ஆள் மறைந்துவிட்டார், கை இருக்கிறது. ஒரே ஊரில், ஒரே வயதில் இரண்டும் எனக்குள் போய்விட்டன. எது சமயம், எது காமிக்ஸ் என்று பிரிக்க அப்போது தெரியவில்லை. இப்போதும் முழுசாகத் தெரிகிறது என்று சொல்லமாட்டேன்.

அண்ணன் செயல்வீரன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாத்தாவின் சிகரெட் பெட்டிகளிலிருந்து வெள்ளித்தாளைப் பிரித்து, வலது கையில் மணிக்கட்டு வரை சோறு வைத்து ஒட்டிக்கொண்டான். கூடத்து ஸ்விட்சு ஒன்றுக்கு மூடி உடைந்து பல காலமாகியிருந்தது. அதில் விரலை வைத்தான். வீட்டில் சத்தம் கேட்டு அப்பா ஓடிவரும்போது அவன் நெல் மூட்டை மேல் மல்லாந்து கிடந்தான். உயிர் பிழைத்தது அம்மை புண்ணியம். அம்மா அடித்து, அழுது, திருநீறு பூசி முடித்த பிறகு அப்பா பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்: "மறைஞ்சியாடா?"

"நான் மறையலப்பா. நீங்க எல்லாரும்தான் மறைஞ்சிட்டீங்க."

அப்பா அரிசி மண்டியில் கணக்கு எழுதியவர். ஞாயிறு மாலை கோயில் மண்டபத்தில் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போவார். அன்றைக்கு வகுப்பில் இதைச் சொல்லியிருக்க வேண்டும். வந்ததும் அண்ணனைக் கூப்பிட்டு, நீ சொன்னதைத்தான் உமாபதி சிவம் திருவருட்பயனில் வேறு மாதிரி சொல்கிறார் என்றார். இருட்டு மற்றதையெல்லாம் மறைத்தாலும் 'இருட்டாக இருக்கிறேன்' என்று தன்னையாவது காட்டிக்கொடுக்கும். உயிரை மறைக்கும் ஆணவமலமோ தன்னையும் காட்டாது. அது மறைப்பதே நமக்குத் தெரியாது. அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. கதவோரம் நின்ற எனக்கும் புரியவில்லை. ஆனால் அப்பாவின் கையில் 'நாச அலைகள்' இருந்தது. பறிமுதல் செய்ததைப் படித்துக்கொண்டிருந்தார்!

படித்துவிட்டு அவர் கேட்ட கேள்விதான் என்னை இன்று வரை விடவில்லை. "ஆள் மறையறான், சரி. சட்டை ஏன் மறையுது? சட்டை உடம்பு இல்லையே. அப்ப அதைப் போலத்தானே கையும்? சட்டை போகும்போது கை மட்டும் ஏன் போகல?" கதை எழுதிய கென் புல்மர் இதற்குப் பதில் வைத்திருந்தாரா தெரியாது, அப்பா வைத்திருந்தார். சித்தாந்தத்தில் உயிருக்கு ஐந்து சட்டை. கலை, காலம், நியதி, வித்தை, அராகம். பஞ்சகஞ்சுகம் என்றால் ஐந்து சட்டை என்றுதான் பொருள். அதைப் போட்டுக்கொண்டுதான் உயிர் உலகத்துக்கு வருகிறது, கழற்றிவிட்டுத்தான் போகிறது. "கை வேற. கை செஞ்சது. செஞ்சது போகாது" என்றார். வினையைச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

எங்கள் அம்மையும் சட்டை கழற்றியவர்தான். கணவன் அவர் காலில் விழுந்து விலகிய பிறகு, அவனுக்காகச் சுமந்த சதை இனி எதற்கு என்று உதறிவிட்டுப் பேய் வடிவம் கேட்டு வாங்கிக்கொண்டார். கயிலை மலையைக் காலால் மிதிக்கக் கூடாதென்று தலையால் நடந்தார். பாடியதோ மிச்சம் இருக்கிறது. அற்புதத் திருவந்தாதி, இரட்டை மணிமாலை, இரண்டு பதிகங்கள்.

நான் கல்யாணமாகி, தபால் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, கவுண்டரில் உட்காருவதற்கு முன்பே இங்கிலாந்தில் இந்த இதழ்கள் ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கிவிட்டன. செத்தன என்று அவர்கள் சொல்லமாட்டார்கள். இணைந்தன என்பார்கள். 1969இல் ஈகிள் லயனோடு இணைந்தது. 1974இல் லயன் வேலியன்ட்டோடு இணைந்தது. 1976இல் வேலியன்ட் பேட்டிலோடு இணைந்தது. கடைசி இதழில் "பிள்ளைகளே, நல்ல சேதி" என்ற தோரணையில் அறிவிப்பார்களாம். சில வாரம் அட்டையில் இரண்டு பெயரும் இருக்கும். பிறகு சின்னப் பெயர் இன்னும் சின்னதாகி, ஒருநாள் இல்லாமல் போகும். ஐக்கியம் என்று நாம் சொல்வதை அவர்கள் எவ்வளவு கச்சிதமாக நடத்திக் காட்டினார்கள்! டி.வி. வந்தது, காகித விலை ஏறியது, வழக்கமான காரணங்கள்தான். டாண்டி 1937 டிசம்பர் 4இல் தொடங்கி, சரியாக 75 ஆண்டு கழித்து 2012 டிசம்பர் 4இல் அச்சு இதழை நிறுத்திக்கொண்டது. பீனோ மட்டும் 1938 முதல் இன்றைக்கும் வாராவாரம் வருகிறது.

இதில் ஈகிளைப் பற்றித் தெரிந்துகொண்டபோது அப்பா இல்லையே என்றிருந்தது. அதைத் தொடங்கியவர் ஒரு பாதிரியார். மார்கஸ் மோரிஸ் என்ற ஆங்கிலிகன் சபைக்காரர். அமெரிக்காவிலிருந்து வந்த பயங்கரக் கதைகளைப் பார்த்து மனம் பொறுக்காமல், 1950இல் பிள்ளைகளுக்கு நல்லதாக ஒன்று கொடுக்கப் புறப்பட்டார். அதன் விண்வெளி வீரன் டான் டேரை முதலில் ஒரு பாதிரியாராகவே யோசித்தார்களாம். பின்பக்கத்தில் புனித பவுலின் கதை படமாக வந்தது. பிள்ளைகள் முன்பக்கத்தைத்தான் படித்திருப்பார்கள். அது எல்லா ஊரிலும் உள்ளதுதான்.

இறைவனுக்குத் தொழில் ஐந்து என்று அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். அழித்தலையும் மறைத்தலையும் ஏன் தனித்தனியாக வைத்தார்கள் என்பது நான் வெகுநாள் கவனிக்காத விஷயம். அழித்தல் என்பது களைத்த உயிருக்கு ஓய்வு. உலகம் மாயையில் ஒடுங்கிக் கிடக்கும், நேரம் வந்தால் திரும்பவும் தோன்றும். இல்லாமல் போவது என்ற பேச்சே கிடையாது. மறைத்தல் வேறு. பொருள் அங்கேயேதான் இருக்கிறது, நம் கண்ணுக்குத் திரை. பக்குவம் வரும் வரை அந்தத் திரையும் அருள்தான் என்பது சித்தாந்தம். லண்டனில் ஒடுங்கிய மாயாவி சிவகாசியில் தோன்றியது இதில் எது? வேலியன்ட் இதழே போன பிறகும் இங்கே பிள்ளைகள் அவனைப் படித்துக்கொண்டிருந்தார்கள். 1984இல் விஜயன் லயன் காமிக்ஸ் தொடங்கியபோது அந்தப் பெயரே பத்து வருஷம் முன்பு லண்டனில் இணைந்து மறைந்த ஒரு பெயர். ஸ்பைடரும் இரும்பு மனிதன் ஆர்ச்சியும் அங்கிருந்தே கிளம்பி வந்தவர்கள். அங்கே வாரம் இரண்டு மூன்று பக்கமாகக் காத்திருந்து படித்ததை இங்கே முழுப் புத்தகமாக, தமிழ் பேசியபடி, ஒரே மூச்சில் படித்தோம்.

நாங்கள் பார்த்த கை யாருடையது என்பதும் மறைவாகவே இருந்தது. அந்த வார இதழ்கள் ஓவியர் பெயரைப் போடுவதில்லை. மூலையில் கையெழுத்துப் போட்டாலும் வெள்ளை மை பூசி அழித்துவிடுவார்கள். மாயாவியை வரைந்தவர் பார்சிலோனாவில் 1919இல் பிறந்த பிளாஸ்கோ. முதற்பெயர் ஹெசூஸ், அதாவது இயேசு. ஸ்பெயினில் உட்கார்ந்து, லண்டன் பத்திரிகைக்கு, பெயர் தெரியாமல் வரைந்திருக்கிறார். ஆள் தெரியாது, கை மட்டும் தெரியும். மாயாவி யார் என்று இதைவிடப் பச்சையாக யாரும் சொல்ல முடியாது. குடத்தைப் பார்த்துக் குயவன் ஒருவன் உண்டு என்று கொள் என்பது சித்தாந்த வகுப்பில் முதல் நாள் பாடம். எனக்குக் குடம் கையில் வந்து நாற்பது வருஷம் கழித்துத்தான் குயவன் பெயர் தெரிந்தது.

அண்ணன் பிரெஞ்சு நாட்டினர் குடும்பத்தில் பெண் எடுத்துப் பாரிஸ் போய்விட்டான். 2018இல் ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள ரெபெல்லியன் நிறுவனம் அந்தப் பழைய கதைகளை விலைக்கு வாங்கி மறுபடி அச்சிட ஆரம்பித்தது. ஸ்டீல் க்ளா புத்தகத்தை அண்ணன் வாங்கிவிட்டான். நான் சிவகாசி மறுபதிப்புகளுக்குச் சந்தா கட்டியிருக்கிறேன். பழைய கவுண்டருக்கே போய்ப் பார்சல் வாங்கும்போது கூச்சமாக இருக்கும். திரும்பி வந்தது, சாகவில்லை என்று அண்ணன் குதிக்கிறான். நான் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்ளவில்லை. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் எங்களைப் போல முட்டி வலிக்காரர்கள். செத்தவரைத் தெரிந்தவர்கள் கூடி, அவருக்குப் பிடித்ததைச் சமைத்துச் சாப்பிட்டுப் போவதற்குத் திவசம் என்று பெயர். தெரிந்தவர்கள் போய்ச் சேர்ந்தால் திவசமும் நின்றுவிடும். திருவிழா அப்படியில்லை. அதற்கு ஒன்றும் தெரியாதவன் வரவேண்டும். போன மாதம் பேத்தியிடம் 'பாம்புத் தீவு' கொடுத்தேன். நாலு பக்கம் புரட்டிவிட்டு, "கலர் இல்லையா பாட்டி?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். சட்டையைப் பற்றிக் கேட்பாள் என்று காத்திருந்தேன்.

இந்த ஆனியில் பவழக்கால் சப்பரத்தில் பிச்சாண்டவர் வந்தபோது அண்ணன் வீடியோ அழைப்பில் இருந்தான். அவனுக்காக போனை இடது கையில் தூக்கிப் பிடித்து, வலது கையை மாம்பழத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றேன். மாடிகளிலிருந்து இறைக்கிறார்கள். கீழே தலையே தெரியாது, கைகள்தான். மஞ்சளாக ஒன்று நேரே எனக்கென்று இறங்கி வந்தது. விரலில் பட்டது, ஈரமாக. அதற்குள் என் முழங்கைக்குக் கீழேயிருந்து சின்னதாக ஒரு கை எழும்பி அதைக் கவ்விக்கொண்டு கீழே போய்விட்டது.

"பிடிச்சியா?" என்று பாரிஸிலிருந்து கத்தினான்.

"இல்லண்ணே. ஒரு பையன் கொண்டுபோயிட்டான்."

"எந்தப் பையன்? காட்டு, காட்டு."

"எங்கே காட்டறது? நான் கையைத்தான் பார்த்தேன்."