இவர் செய்த பாவமா?



இன்று நாம் வாசிக்கக் கேட்ட யோவான் நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையிழந்த ஒருவரைச் சீடர்கள் பார்க்கிறார்கள். பார்த்ததும் அவர்கள் கேட்பது, இது யார் செய்த பாவம் என்றுதான். இவருடையதா, பெற்றோருடையதா? இரண்டுமில்லை என்கிறார் ஆண்டவர்.

நீலகிரி மலையில் சிக்கிள் செல் என்ற இரத்த நோயுள்ள பிள்ளையைப் பெற்ற தாயிடம், “என்ன சாபமோ” என்று இன்றும் சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல் என் மனதை அறுக்கிறது. அதனால் இன்று இரத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

நம் இரத்தத்துக்குச் சிவப்பு தருவது ஹீமோகுளோபின் என்ற புரதம். நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு போய் உடலெங்கும் இறக்கிவைப்பது அதுதான். நான்கு சங்கிலிகள் சேர்ந்த பெரிய மூலக்கூறு அது. இரண்டு சங்கிலிகளில் 141, மற்ற இரண்டில் 146 என அமினோ அமிலங்கள் ஜெபமாலை மணிகளைப் போல வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. அந்த 146-இல் ஆறாவது இடம் குளுட்டாமிக் அமிலத்துக்கு உரியது. சிக்கிள் செல் உள்ளவர்களுக்கு அங்கே வாலின் இருக்கிறது. வித்தியாசம் அவ்வளவே. 1957-இல் கேம்பிரிட்ஜில் வெர்னான் இங்கிராம் இதைக் கண்டறிந்து சொன்னார்.

ஆக்சிஜனை இறக்கிவிட்ட பிறகு இந்த மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நீண்ட இழைகளாகின்றன. வட்டமான இரத்த அணு அரிவாளாக வளைகிறது. மெல்லிய நாளங்களில் சிக்கி வழியை அடைக்கிறது. எலும்புக்குள்ளிருந்து வலி கிளம்புகிறது. அந்தப் பிள்ளை அழுவது நடிப்பு அல்ல.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மாற்றத்தைப் பெற்ற குழந்தைகளை அது கொடிய மலேரியாவிலிருந்து பெரிதும் காத்தது. மலேரியா வாட்டிய பகுதிகளில் இது தலைமுறை தலைமுறையாக நிலைத்தது அதனால்தான். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இது இருப்பது 1952-லேயே தெரியவந்தது. நாம் சாபம் என்பது எத்தனையோ பிள்ளைகளைப் பிழைக்க வைத்திருக்கிறது. இருவரிடமிருந்தும் அதைப் பெற்ற பிள்ளையோ அதன் விலையைத் தன் உடலில் சுமக்கிறது. கடவுள் அப்படித் திட்டமிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பிறர் பிழைத்ததன் விலையைத் தன் உடலில் சுமக்கும் ஒருவரைக் கண்டால், ஞாயிறுதோறும் இந்தப் பீடத்தைச் சுற்றி நிற்கிற நமக்கு யாருடைய நினைவு வர வேண்டும்?

திருமணம் பேசும் வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். இருவரும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இருவருமே இந்த மாற்றத்தைச் சுமப்பவர்களாக இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. இதைத் தெரிந்துகொண்டு மருத்துவரிடம் பேசுங்கள். பெண்ணைப் பழித்துப் பேச இதை ஒரு காரணமாக்காதீர்கள்.

பக்கத்து வீட்டில் இந்த நோயுள்ள பிள்ளை இருந்தால், குளிர் நாளில் கம்பளி இருக்கிறதா, போதுமான தண்ணீர் குடிக்கிறதா என்று விசாரியுங்கள். காய்ச்சல் என்றாலோ, இரவில் வலி என்றாலோ, விடியட்டும் என்று காத்திருக்க விடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய் மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள்.