ஆடி ஓய்ந்தவர்களுக்கு நாம் பட்ட கடன்



விளையாட்டிலே பேரெடுத்த ஒரு மனிதன் இறந்துபோகிறான். அவன் நோயாளிக்கு மருந்து கொடுத்தவனல்லன், பள்ளிக்கூடம் கட்டியவனுமல்லன். பந்தை வீசினான், மட்டையால் அடித்தான், அவ்வளவுதான். அவனை நினைவில் வைத்திருக்க நமக்குக் கடமை உண்டா? உண்டென்றால், அவனிடத்தில் எதை நினைப்பது? மரித்தோரை நினைக்கும் இந்த நவம்பர் மாதத்தில் இந்தக் கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். இதை என் உள்ளத்தில் எழுப்பியது நான் செய்த ஒரு தவறுதான்.

சில வருஷங்களுக்கு முன் முதியவர் ஒருவரை அடக்கம் செய்யப் போனேன். பிரசங்கத்தில் சொல்வதற்காக அவரைப் பற்றி விசாரித்தேன். "சொல்லும்படி ஒன்றுமில்லை, சாமி. வாலிபத்தில் கிரிக்கெட் பைத்தியம், அப்புறம் குமாஸ்தா வேலை" என்றார் மகன். நானும் கிரிக்கெட்டை ஒதுக்கிவிட்டு, யாருக்கும் பொருந்தக்கூடிய நாலு வார்த்தை பேசி முடித்தேன். கல்லறையிலிருந்து திரும்பும்போது ஒரு கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பந்து மட்டையில் உரசினதை அம்பயர் கவனிக்காவிட்டாலும், தானாகவே மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவான், சாமி. ஒரு தடவை அதனாலே எங்கள் கட்சி தோற்றும் போயிற்று. அதையாவது சொல்லியிருக்கலாமே!" என்றார்.

நான் தலைகுனிந்தேன். அந்தப் பந்தயத்தின் ஸ்கோர் புத்தகத்தில் அவர் பெயருக்கு நேரே 'கேட்ச், அவுட்' என்று மட்டுமே எழுதியிருக்கும். அம்பயர் விரலைத் தூக்கினாரா, ஆடியவரே உண்மையை ஒப்புக்கொண்டாரா என்பதை அந்தப் புத்தகம் சொல்லாது. சொல்ல வேண்டியவர்கள் கூட இருந்து பார்த்த மனிதர்கள். அவர்களும் போய்விட்டால்?

நம் ஊரின் பெரிய ஆட்டக்காரர்களையே எடுத்துக்கொள்வோம். 1934 நவம்பர் 4-ந் தேதி சேப்பாக்கத்தில், சென்னை மாகாணத்துக்கும் மைசூருக்கும் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தயம் நடந்தது. முதல் பந்தை வீசியவர் எம். ஜே. கோபாலன். ஏ. ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகளை வீழ்த்த, ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோயிற்று.

கோபாலன் ஹாக்கியிலும் வல்லவர். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்குக்கு ஹாக்கி ஆடப் போவதா, இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் ஆடப் போவதா என்ற நிலை வந்தது. அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்துகொண்டார். ஹாக்கிக் குழு தங்கப் பதக்கத்தோடு திரும்பியது. இங்கிலாந்திலோ ஒரு டெஸ்ட் பந்தயத்திலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. 2003-இல், தமது 94-ஆம் வயதில் அவர் இறந்தார். புத்தகத்தைப் புரட்டினால், 1934-இல் கல்கத்தாவில் ஆடிய ஒரே ஒரு டெஸ்ட் என்றிருக்கும். ஒரு முடிவை எடுத்துவிட்டு அதனோடு 67 வருஷம் வாழ்ந்த மனிதனை அந்த ஒரு வரியில் காண முடியுமா? ராம்சிங்குக்கோ அந்த ஒரு வரியும் இல்லை. அதிகாரபூர்வமான டெஸ்ட் எதிலும் அவர் ஆடவில்லை. அவருடைய மக்கள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் பிற்காலத்தில் ஆடினார்கள்.

கோட்டா ராமசாமியின் கதை இன்னும் உருக்கமானது. சென்னைக் கிரிக்கெட்டின் தந்தை எனப்படும் புச்சிபாபுவின் மகன் அவர். 1922-இல் டேவிஸ் கோப்பைக்காக இந்தியாவின் சார்பில் டென்னிஸ் ஆடினார். 1936-இல், நாற்பது வயது கடந்தபின் முதல் டெஸ்டில் இறங்கி 40-ம் 60-ம் எடுத்தார். ஆடியது இரண்டே டெஸ்ட். எடுத்தது 170 ரன். 1985 அக்டோபர் 15-ந் தேதி, 89 வயதில், தம் இல்லத்தை விட்டு வெளியே போனவர் திரும்பி வரவேயில்லை. ஒவ்வொரு ரன்னையும் எண்ணி எழுதிய புத்தகம், அவர் மரித்த நாளை எழுத முடியாமல் 'இறந்ததாகக் கருதப்படுகிறார்' என்று நின்றுவிட்டது. அவர் எங்கே ஓய்ந்தார் என்பதைச் சர்வேசுரன் அறிவார், நாம் அறியோம்.

கடல் கடந்த அமெரிக்காவில் பேஸ்பால் என்னும் பந்தாட்டத்திலும் இப்படியே. 1947 வரையில், அறுபது வருஷத்துக்கு மேலாகக் கறுப்பின ஆட்டக்காரர்களைப் பெரிய லீகுகளில் சேர்க்கவில்லை. அவர்கள் தங்களுக்குள் தனி லீகுகள் அமைத்து ஆடினார்கள். அவர்களில் பலர் பெயர் பொறித்த கல்லுங்கூட இல்லாத குழிகளில் கிடந்தார்கள். இந்த நூற்றாண்டில்தான் சில நல்ல மனிதர்கள் அந்தக் குழிகளைத் தேடிக் கண்டுபிடித்துக் கல் நாட்டி வருகிறார்கள்.

"புகழுக்காக ஆடினார்கள், புகழும் பெற்றார்கள்; அதற்கு மேல் என்ன கடன்?" என்று ஒருவர் கேட்கலாம். கைதட்டல் வேறு, நீதி வேறு. கைதட்டுகிறவன் தனக்குக் கிடைத்த இன்பத்துக்காகத் தட்டுகிறான். நீதியோ அவனவனுக்கு உரியதை அவனவனுக்குக் கொடுப்பது. மரித்தவனுக்கு உரியதாக நம் கையில் மிஞ்சியிருப்பது அவனைப் பற்றிய உண்மை ஒன்றே. தனக்காக வாதாட அவனுக்கு வாயில்லை. நமக்குக் கைம்மாறு செய்ய அவனுக்குக் கையில்லை. ஆகவே இந்தக் கடனை நாம் கொடுக்காவிட்டால் கேட்பார் யாருமில்லை.

இதற்காக இறந்தவரையெல்லாம் அர்ச்சியசிஷ்டவர்களாக்க வேண்டாம். கோபக்காரனைச் சாது என்று சொல்வது நினைவு கூர்தலன்று. அவனை இரண்டாந்தரம் புதைப்பதாகும். விளையாட்டு வேடிக்கைதானே என்று தள்ளவும் வேண்டாம். யாரும் கட்டாயப்படுத்தாத இடத்தில், ஜெயிக்கும் ஆசை கண்ணை மறைக்கும் நேரத்தில், ஒருவன் எப்படி நடந்துகொண்டான் என்பதிலே அவன் குணம் தெரிந்துவிடுகிறது.

இந்த மாதம் பூசையில் நினைக்கும்படி உங்கள் வீட்டு இறந்தோரின் பெயர்களை எழுதிக் கொடுப்பீர்கள். இம்முறை அதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் எல்லோருமாய் உட்கார்ந்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, எந்தச் சான்றிதழிலும் இல்லாத உண்மை ஒன்றை ஒரு வரியில் எழுதி, பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள். தெரியாவிட்டால், தெரிந்த கிழவர் கிழவிகள் உயிரோடிருக்கும்போதே போய்க் கேளுங்கள். நானும் அந்தக் கிரிக்கெட் குமாஸ்தாவின் பெயரை எழுதப் போகிறேன். அம்பயர் பார்க்காதபோது தாமாகவே வெளியே வந்தவர் என்று எதிரே குறித்து, அவர் மகனிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

உங்கள் பங்குச் சுவாமி