பிள்ளை செய்த படகு

தேய்ந்த றப்பர் செருப்பை வட்டமாக வெட்டினால் காருக்குச் சக்கரம். வெறும் பால்மாப் பேணி அதற்கு உடல். வாழைத்தண்டின் பின்னால் ஒரு தகட்டையும் முறுக்கிய றப்பர் பட்டியையும் பொருத்தினால் தானாக ஓடும் படகு. மூங்கிற் சிம்பும் மெல்லிய தாளும் கிடைத்தால் ஆகாயவிமானம். கட்டுகஸ்தோட்டையிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இதற்குப் பெரும் செலவு தேவையில்லை.

ஆனால் இவற்றோடு குந்தியிருக்கும் பிள்ளையைக் கண்டதும் நாம் சொல்வது என்ன? “புத்தகத்தை எடு! சோறு போடாத வேலை உனக்கு எதற்கு?” என்பதுதானே? ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்து அஞ்சும் பெற்றோரைக் குறைகூற முடியாது. ஆயினும், பயன் தராத வேலை வீண் வேலைதானா என்பதைச் சற்றுச் சிந்தித்துப் பார்ப்போம்.

பரீட்சைத் தாளில் தெரியாத விடையை ஊகித்து எழுதலாம். சில வேளை புள்ளியும் கிடைக்கும். ஓட்டைப் படகோ யாருடைய பிள்ளை என்று பார்த்து மிதப்பதில்லை. முகப்பில் பாரம் குறைந்த விமானம் மேல்நோக்கி நிமிர்ந்து, வேகமிழந்து, விழுந்துவிடும். முகப்பில் சிறிது களிமண்ணை ஒட்டி, மீண்டும் எறிந்து பார்க்க வேண்டும். சாக்குப்போக்குக்கு அங்கே இடமில்லை. பொய் சொல்லாதே என்று நாம் வாயால் கற்பிப்பதை அந்தச் சிறு பொருள் பிள்ளையின் கையிலேயே கற்பித்துவிடுகிறது.

1878ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஐக்கிய சகோதரர் சபையின் ஆயரான மில்ற்றன் றைற், தக்கை, மூங்கில், தாள் ஆகியவற்றால் ஆன, றப்பர் பட்டியால் பறக்கும் விளையாட்டுப் பொருளொன்றைத் தம் மைந்தர்களுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். வில்பருக்கு அப்போது 11 வயது, ஓர்வில்லுக்கு 7. அவர்கள் அதைப் பார்த்துத் தாங்களே புதியவை செய்தனர். பெரிதாகச் செய்யச் செய்ய அவை பறக்க மறுத்தன. அளவு இரு மடங்கானால் எட்டு மடங்கு விசை வேண்டும் என்பது அந்தச் சிறுவர்களுக்கு அன்று தெரியாது. 1903 டிசம்பர் 17இல் அவர்களுடைய விமானம் முதன்முறை 12 விநாடிகள் பறந்தது. கொடுத்தவர் தந்தை, செய்து, தோற்று, மீண்டும் செய்தவர்கள் பிள்ளைகள் என்பதையே நாம் கவனிக்க வேண்டும்.

ஏனெனில், நம்மிடையே இன்னொரு வகைப் பெற்றோரும் உண்டு. பாடசாலைக் கண்காட்சி வந்துவிட்டால் தந்தையே இரவிரவாக இருந்து காரைச் செய்து முடிப்பார். அல்லது கடையில் வாங்கிய பெட்டியைப் பிரித்துப் பூட்டிக் கொடுப்பார். மறுநாள் பிள்ளை அதைத் தன் கைவேலை என்று சொல்லிப் பரிசு வாங்குகிறது. தகப்பனுக்கும் பெருமை. செய்தது அன்பினால்தான், ஆனால் அன்போடு சேர்த்து ஒரு பொய்யையும் அல்லவா பரிசளித்துவிட்டார்! பக்கத்தில் கோணலான பேணிக் காரோடு நிற்கும் ஏழைப் பிள்ளைக்கு இழைத்த அநீதியை என்னென்பது?

அப்படியானால் உதவவே கூடாதா? கூடும். கூரிய கத்தியைப் பிடிக்கும் விதத்தைக் காட்டலாம். பசை காயும் வரை பொறுத்திருக்கச் சொல்லலாம். படகை மகாவலிக்குத் தனியே கொண்டுபோக விடாமல், வீட்டுத் தொட்டியிலேயே விட்டுப் பார்க்கச் செய்யலாம். 1976இல் பொல்கொல்லையில் அணை எழுந்த பின் ஆறு அமைதியாகத் தோன்றலாம், ஆழம் அந்த அமைதியில் தெரிவதில்லை. ஆபத்திலிருந்து காப்பது நம் கடமை. தோல்வியிலிருந்து காப்பது நம் கடமையன்று.

பெற்றோரே, உங்கள் பிள்ளையின் படகு சாய்ந்து மூழ்கும்போது கையை நீட்ட மனம் துடிக்கும். சற்றுப் பொறுங்கள். “ஏன் சாய்ந்தது?” என்று மட்டும் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை தேடிப் பழகிய பிள்ளை, நாளை தன் வாழ்வு சாயும்போதும் பிறரைக் குறைகூறாமல் காரணத்தைத் தேடும்.