விக்டோரியாவால் போலீசுக்குப் போக முடியாது

ராபர்ட் வைஸ் இயக்கி 1951-இல் வெளிவந்த கறுப்பு வெள்ளைப் படம் 'தி ஹவுஸ் ஆன் டெலிகிராஃப் ஹில்'. கணவன் தன்னைக் கொல்லப் பார்க்கிறானோ என்று மனைவி சந்தேகப்படும் கதைகள் அந்நாளைய ஹாலிவுட்டில் ஏராளம். இந்தப் படத்தில் அந்த மனைவியே ஒரு பொய்யைச் சுமந்துகொண்டுதான் வீட்டுக்குள் நுழைகிறாள்.

விக்டோரியா போலந்துக்காரி. பெர்கன்-பெல்சன் வதைமுகாமில் அவளோடு இருந்த தோழி காரின், விடுதலைக்குச் சற்று முன்பு இறந்துபோகிறாள். காரினின் பிள்ளை சான் பிரான்சிஸ்கோவில் பணக்கார உறவினரிடம் வளர்கிறான். தனக்கென்று யாருமே மிஞ்சாத விக்டோரியா, தோழியின் காகிதங்களை எடுத்துக்கொண்டு காரினாகவே அமெரிக்கா போகிறாள். அந்த உறவினர் இறந்து, சொத்து பையன் பெயருக்கு வந்திருக்கிறது. பையனின் காப்பாளன் ஆலன். அவனையே மணந்து, பெரிய வீட்டின் எஜமானியாகிறாள்.

அதன் பிறகுதான் பிரேக் பிடிக்காத கார் செங்குத்தான தெருவில் அவளோடு பாய்கிறது. உயிர் தப்புகிறாள். ஆனால் யாரிடம் போய்ச் சொல்வாள்? புகார் கொடுத்தால், "நீங்கள் யார்?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். ஆலனுக்கு அவளுடைய ரகசியம் தெரியாது. ஆனாலும் அதுவே அவனுக்குக் காவலாக நிற்கிறது. அதைவிடக் கொடுமை, தன் பயத்தையே அவளால் முழுசாக நம்ப முடியவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறதா, நிஜமாகவே ஆபத்தா? வலென்டினா கோர்ட்டேசே இந்தத் தடுமாற்றத்தைக் கண்களிலேயே வைத்திருக்கிறார். அலறல், ஆர்ப்பாட்டம் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

ஆலனாக வரும் ரிச்சர்ட் பேஸ்ஹார்ட்டும் குரலை உயர்த்துவதில்லை. இரவில் அவன் அக்கறையோடு நீட்டும் ஆரஞ்சுச் சாறுதான் படத்தில் என்னை அதிகம் நடுங்க வைத்தது. குடித்தால் உயிர் போகலாம். மறுத்தால் சந்தேகம் வெளிப்பட்டுவிடும். உச்சக்கட்டமும் அந்தச் சாற்றில்தான். அவளுக்கென்று விஷம் கலந்த டம்ளர் இடம் மாறியிருப்பது அவனுக்குத் தெரியாது.

போர் முடிந்து ஆறே ஆண்டுகளில் வந்த படம் இது. முகாமிலிருந்து பிழைத்து வந்த ஒருத்தியின் பொய்யை அது தண்டிக்கவில்லை. கதையில் அது ஒரு ஓட்டை என்பாரும் இருக்கலாம். எனக்கு அது வைஸின் இரக்கமாகவே படுகிறது. அவள் எடுத்துக்கொண்ட பெயரால் இறந்த தோழிக்கு எந்த நஷ்டமும் இல்லை. தாயில்லாத பையனுக்கோ உயிரைக் கொடுத்துக் காக்கும் ஒருத்தி கிடைத்தாள்.