மெலிவு

கம்பெனியிலிருந்து வந்த நான்கு ஸ்பீக்கர்களோடு எங்கள் காரை ஆறு வருடம் ஓட்டியிருக்கிறேன். குறை என்று எதுவும் தோன்றியதில்லை. இல்லாததை இல்லை என்று காது எடுத்துச் சொல்வதில்லை. பழைய டெலிபோன் கம்பியில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி வராது. ஆண்குரலின் அடிச்சுரமோ 100, 120 ஹெர்ட்ஸை ஒட்டியது. அப்படியும் ஊரிலிருந்து அப்பா பேசினால் அப்பாவின் கனத்த குரலாகத்தான் கேட்டது. வந்து சேர்ந்த மேல்சுரங்களை வைத்துக்கொண்டு, வராத அடிச்சுரத்தை மூளையே இட்டு நிரப்பிக்கொள்கிறது. காரிலும் ஆறு வருடம் அதுதான் நடந்திருக்கிறது.

ஒருநாள் இரவு நல்ல ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு இளையராஜாவின் 80-களின் பாட்டு ஒன்றைக் கேட்டேன். சரணத்தில் பாடகர் ஒரு வழியில் போக, பேஸ் கிடார் கீழே தனக்கென்று ஒரு மெட்டோடு நடந்துகொண்டிருந்தது. தாளத்துக்குத் துணை நிற்பதோடு அது ஓயவில்லை, பாடுகிறவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தது. மறுநாள் காரில் அதே பாட்டைப் போட்டேன். தெருமுனை வரை மங்கலாகக் கேட்டது. தஞ்சாவூர் சாலையில் ஏறி வேகம் 80-ஐத் தொட்டதும் அந்த நடை காணாமல் போயிற்று. டயர் உருளும் இரைச்சலில் பெரும்பங்கு தாழ்ந்த ஒலிதான். பாட்டின் தாழ்ந்த பகுதியை அது அப்படியே மூடிவிடுகிறது. கதவில் இருக்கும் ஆறரை அங்குலக் காகிதக் கூம்பால் அதை மீறி எழ முடியாது. ஒரு கலைஞர் யோசித்து யோசித்து எழுதியதை ஆறு வருடமாகச் சாலையில் சிந்திக்கொண்டே போயிருக்கிறேன். அன்று உண்மையாகவே மனசு கஷ்டப்பட்டது.

சப்வூஃபர் போடலாம் என்று அப்போதுதான் முடிவு செய்தேன். கடையில் ரெடிமேட் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அதில் ஒன்றை டிக்கியில் வைத்தால் ஊரிலிருந்து வரும் அரிசி மூட்டையை எங்கே வைப்பது என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதனால் டிக்கியின் இடது மூலை வளைவுக்குப் பொருந்துகிற மாதிரி தனிப்பெட்டி செய்யத் தீர்மானித்து, எங்களுக்குத் தெரிந்த ஆசாரியிடம் போனேன்.

18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். பலகை, 10 அங்குல ஸ்பீக்கர், பெட்டிக்குள் 20 லிட்டர் காற்று. அந்த 20 லிட்டரில்தான் எல்லாம் இருக்கிறது. ஒருகாலத்தில் ஆழமான ஒலி வேண்டுமென்றால் அலமாரி அளவுக்குப் பெட்டி வேண்டியிருந்தது. அமெரிக்கரான எட்கர் வில்ச்சர் 1954-ல் கூம்பைத் தளர்வாகத் தொங்கவிட்டு, காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் அதை அடைத்தார். முன்னே போன கூம்பை, அடைபட்ட காற்றே ஸ்பிரிங்காக இருந்து திரும்ப இழுத்தது. எந்த ஸ்பீக்கருக்கு எத்தனை லிட்டர் என்று கணக்குப் போடும் வழி, ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-ல் எழுதிய கட்டுரையிலிருந்தும், 1970-களில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்ததிலிருந்தும் கிடைத்தது. இன்று சப்வூஃபர் வாங்கினால் பெரும்பாலும் கூட வரும் தாளில் அவர்கள் பெயரால் வழங்கும் அளவுகள் அச்சாகியிருக்கும். ஸ்பீக்கரைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். அதற்கான காற்றை நாம்தான் கட்ட வேண்டும்.

ஆசாரியிடம் இதில் பாதியைச் சொல்வதற்குள், “உள்ள இருக்குற காத்து வெளிய கசியக் கூடாது, அவ்வளவுதானே சார்?” என்றார். அவ்வளவுதான். பசை காய்ந்து, உள்ளே தலையணைப் பஞ்சு அடைத்து, ஸ்பீக்கரை மாட்டி மெல்ல ஓடவிட்டோம். அவர் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி ஒவ்வொரு மூட்டாகக் காட்டிக்கொண்டே வந்தார். எல்லா இடத்திலும் நேராக எழுந்த புகை, பின்பக்க மூலை ஒன்றில் மட்டும் நடுங்கியது. அங்கே சிலிக்கான் வைத்து விரலால் தேய்த்துவிட்டார். நாற்பது வருடம் கதவும் கட்டிலும் செய்த கை அது.

சப்வூஃபரின் கூம்பைக் கையில் தூக்கிப் பார்த்தபோது அதன் கனம் ஆச்சரியமாக இருந்தது. கனம் கூடினால் அசைவு மெதுவாகும், சுரம் கீழே இறங்கும். இது நமக்குப் புதிதல்ல. கச்சேரிக்கு முன் மிருதங்கக்காரர் ரவையைத் தண்ணீர்விட்டுப் பிசைந்து தொப்பியின் நடுவில் அப்புவாரே, அதே சங்கதிதான். ஒட்டிய ரவை தோலின் துடிப்பை மெதுவாக்கி, இடதுகைப் பக்கத்தைக் கீழே இறக்கும். முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார். சிறுவயதில் அப்பா என்னைக் கோயில் கச்சேரிகளுக்குக் கூட்டிப்போனபோது இதைக் காட்டித் தந்திருக்கிறார். பள்ளிநாளில் மூன்று வருடம் மிருதங்கம் கற்றவர். மேடையில் யார் பாடினாலும் அவர் கண் மிருதங்கத்தின் மேல்தான் இருக்கும்.

காரில் மாட்டும் வேலை நான்கு நாள் பிடித்தது. பேட்டரியிலிருந்து தனி வயர், பேட்டரியை ஒட்டியே ஃப்யூஸ், பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பில் எர்த். இவற்றுக்கு ஒரு நாள் போதுமாக இருந்தது. மீதி மூன்று நாளும் சத்தத்தை அடக்குவதிலேயே போயின. நம்பர் பிளேட் அதிர்ந்தது. டிக்கி மூடி முனகியது. டோர் பேட்டின் கிளிப்புகள் ஒவ்வொன்றும் ஒரு பாஷை பேசின. கதவுத் தகட்டில் ரப்பர் மாதிரியான டேம்பிங் ஷீட்டை ஒட்டி ரோலரால் அழுத்தி, பிளேட்டுக்குப் பின்னால் ஃபோம் வைத்து, ஒவ்வொன்றாக வாயடைத்தோம்.

முதல் வாரம் எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் வருகிற லாரிகள் எல்லாம் நடுங்கின. அப்போது என் மகள் ஒன்று சொன்னாள்: “அப்பா, பாட்டு முன்னாடி இருக்கு, டிக்கி தனியா பின்னாடி இருக்கு.” பன்னிரண்டு வயதுக் காது பிழை சொல்லாது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மனிதக் காதுக்குப் பெரும்பாலும் பிடிபடாது. அது டிக்கியிலிருந்து வருவதாகத் தெரிகிறது என்றால் நான்தான் அளவை மீறியிருக்கிறேன். மாட்டிக்கொடுத்த தம்பி, “அண்ணா, கெயின்ங்கிறது வால்யூம் இல்ல” என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். கெயினைக் குறைத்தேன். கட்-ஆஃபை 80-க்கு இறக்கினேன். ஃபேஸ் சுவிட்சை மாற்றிப் பார்த்தேன். மறுபடியும் குறைத்தேன். ஒரு கட்டத்தில் பேஸ் கிடார் டிக்கியை விட்டு எழுந்து, காருக்குள் நடந்து வந்து, டேஷ்போர்டில் பாடகருக்குப் பக்கத்தில் நின்றது.

40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை எட்டரை மீட்டர் நீளம். எங்கள் காரோ 4 மீட்டர்கூட இல்லை. அந்த அலை காருக்குள் அடங்காது. உள்ளே இருக்கும் காற்று மொத்தமும் ஒரே சமயத்தில் கொஞ்சம் இறுகி, கொஞ்சம் தளர்கிறது. அந்தச் சுரத்துக்கு நடுவே நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

தமிழிசை குரலின் நிலைகளை மூன்றாகச் சொல்லும்: மெலிவு, சமன், வலிவு. மேலே ஏறுவது வலிவு. கீழே இறங்குவதற்குப் பெயர் மெலிவு. நாமோ தாழ்ந்த ஒலி என்றாலே இடி, குத்து, அதிர்வு என்று பலத்தின் சொற்களாகத் தேடுகிறோம். பெயர் வைத்தவர்கள் அங்கே ஒரு மென்மையைக் கேட்டிருக்கிறார்கள். கெயின் குமிழைத் திருப்பித் திருப்பிக் குறைத்த அன்றைக்குத்தான் அந்தச் சொல் எனக்கு விளங்கியது.

அப்பாவுக்கு இப்போது 81 வயது. முதுமையில் காது மேலிருந்து கீழாக அணைகிறது. உயர்ந்த ஒலிகள் முதலில் போகும். பேச்சில் ச், த், க் போன்ற மெய்கள் அந்த உயரத்தில் இருப்பவை. அவை நழுவிவிடுகின்றன. உயிரெழுத்துகள் தாழ்ந்தவை, அவை நிற்கின்றன. அதனால்தான் “பேசுறது கேக்குது, என்ன பேசுறேன்னு தெரியல” என்பார். காருக்குள் அவர் பாட்டுக் கேட்பதை நிறுத்தி மூன்று வருடம் இருக்கும். பாட்டைப் போட்டால், வெறும் இரைச்சல் என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குத் தஞ்சாவூர் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். முன்சீட்டில் அப்பா. பின்னால் மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள். எனக்கு மட்டும் கேட்கட்டும் என்று தாழ்ந்த வால்யூமில் அந்தப் பழைய பாட்டைப் போட்டேன். துவாக்குடி தாண்டியபோது தற்செயலாகத் திரும்பிப் பார்த்தேன். அப்பாவின் இடதுகை தொடைமேல் தட்டிக்கொண்டிருந்தது, தொப்பிக்கு உரிய கை. தாளம் ஓரிடத்தில்கூடத் தவறவில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் ஓட்டினேன்.

எங்கள் தெருவுக்குள் நுழையும்போது மணி பதினொன்றரை. தாழ்ந்த ஒலி சுவரைத் தாண்டிப் போகும். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. சப்வூஃபரின் குமிழை மட்டும் முழுக்கத் திருப்பி அணைத்தேன். பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. பாடகர் கடைசிச் சரணத்தில் இருந்தார்.

தொடைமேல் கை நின்றது. அப்பா என் பக்கம் திரும்பினார்.

“ஏன்டா பாட்டை நிறுத்திட்டே?”